இடது மரை

கிரைண்டர் சேர்க்கிறேன் என்றால்
எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள்.
மாவு அரைக்கிறது இல்லை, இரும்பு அரைக்கிறது என்பேன்.
நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் சாணைக்கல்,
பட்டறை மேசையில் போல்ட் போட்டு உட்காரும்,
சண்டைக்கு இரண்டு முட்டியையும் நீட்டினாற்போல.
அப்படியா என்று அட்டையை நீட்டுவார்கள்.
யூனிட்டை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

வலங்கைமான் பக்கம் பதினாறு வருஷமாக மீட்டர் கணக்கெடுப்பு.
மீட்டர் இருக்கிற மூலையில்தான் இதுவும் இருக்கும்:
மாடிப்படிக்கு அடியில்,
பம்புசெட் கொட்டகையில் உரமூட்டைக்கு முட்டுக்கொடுத்து,
ஒருமுறை கன்றுக்குட்டி கட்டுகிற முளையாக.
ஓடாத மிஷினுக்கு யூனிட் ஏறாது.
அதனால் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

ஏழாவது, குடவாசல் உத்திராபதி லேத்தில் கிடைத்தது.
கோயமுத்தூர் வார்ப்பு, பித்தளைத் தகட்டில் 1968.
"புதுசு வாங்கிட்டேன், சத்தமே இல்ல.
இது ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு, வேணாம்மா" என்றார்.
எடைக்கு என்ன வருமோ அதைக் கொடுத்தேன்.
ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில்
முப்பது கிலோவை நிற்கவைத்து
முழங்காலால் அணைத்தபடி வந்தேன்.

மூடியைக் கழற்றினால் செப்புச் சுருளெல்லாம் வண்டல்.
குடத்தை உருட்டுகிறது என்று பெயர் வாங்கிய ஆறு
இதற்குள்ளும் நுழைந்து பார்த்திருக்கிறது.
விரலில் தேய்த்தேன். திருநீறு மாதிரி இருந்தது.
எங்கள் பக்கம் ஆள் உயரம் தோண்டினாலும்
மண்வெட்டியில் ஒரு கல் தட்டாது.
குடகில் பிடித்து வழியெல்லாம் அரைத்து
இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.
எத்தனை லிட்டர் என்று அதைக் கேட்கலாம்.

துருவுக்குப் புளித்தண்ணீர், மூன்று ராத்திரி.
பேரிங் 6203, கும்பகோணத்தில் இரண்டு.
வலது நட்டு சொன்னபடி வந்தது.

இடது நட்டின் ஆறு முகமும் சிதைந்திருந்தது,
உளி வைத்து அடித்தது, பைப் ரெஞ்ச் கடித்தது.
ஐம்பது வருஷத்தில் யார்யாரோ
எதிர்ப்பக்கம் தொங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
இடப்பக்கம் மரை தலைகீழ்.
கல் சுற்றச் சுற்றத் தானே இறுகட்டும் என்று அப்படி.
கழற்ற வேண்டுமானால்
இறுக்குவது மாதிரி திருக வேண்டும்.

என் முதல் மிஷினில் எனக்கும் இது தெரியாது.
சாயந்தரம் முழுக்கத் தப்பாகத் திருகினேன்.
செல்வகணபதி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.
மணிக்கட்டு வீங்கிவிட்டது.
அந்த வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை,
அது வேறு விஷயத்துக்காக.

"ஏழு சாணை ஆச்சு. வெட்டத்தான் என்ன வெச்சிருக்க?"
நேற்று கேட்டார். நியாயமான கேள்வி.
அரிவாள்மனை, மூன்று உளி,
எதிர்வீட்டு தில்ஷாத்தின் கத்தரிக்கோல்.
தீட்டத் தீட்டக் கூர் வருகிறது,
ஆளுக்கு ஒரு நூல் குட்டையாகிறது.
நானே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டி வாங்குகிறவள் மாதிரி
கல்லை விரலில் மாட்டித் தட்டிக் கேட்டேன்.
ஒன்று மணி மாதிரி பேசியது.
இன்னொன்று 'டொப்' என்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்.
ஓடவிட்டால் முகத்தில் வெடிக்கும்.
அதைத் துளசிச் செடிக்கு அண்டைகொடுத்தேன்.

புதுக்கல் மாட்டி, ராத்திரி எட்டரைக்கு ஸ்விட்சைப் போட்டேன்.
முதலில் முனகல். அப்புறம் இரைச்சல்.
அப்புறம் இரைச்சல் மெலிந்து ஒரே கோடாக ஆனது.
மேலே நிறுத்திய எட்டணா விழவில்லை.

கரண்ட் போனது.
தெருவில் அத்தனை ஃபேனும் இறங்குவது கேட்டது.
என் போன் அடிக்க ஆரம்பித்தது:
எப்ப வரும் மேடம், எப்ப வரும்.
நான் எடுக்கவில்லை.
இருட்டில் அது சுற்றிக்கொண்டே இருந்தது,
யாரிடமும் எதுவும் வாங்காமல்,
மெல்ல, இன்னும் மெல்ல,
நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் ஒரு சுற்று.

"ரெண்டு நிமிஷம் நாப்பத்தொண்ணு"
என்றார் வாசற்படியிலிருந்து.
எண்ணச் சொல்லி நான் கேட்கவில்லை.